நானூற்றுப் பதிமூன்றாவது ஒட்டு

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு சோதனைகளில் ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து தேறிவிட்டன. தேறாதது ஒன்றே ஒன்று. அது எந்த ஒன்று என்று திரையில் பார்த்ததும் பஞ்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அதே ஒன்றுதான்.

பஞ்சர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அப்படிப் பெயர் வைக்கும் அளவுக்கு அவர்களுக்கு அவர்மேல் கோபம் எதுவும் இருந்ததில்லை. ரோபோ செய்யும் அந்த நிறுவனத்தில் ஒன்பது வருடமாக, நிரலில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வந்து சின்னதாக ஒரு திருத்தத்தை ஒட்டிவிட்டுப் போவார். இதுவரை போட்ட ஒட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு. டியூபைவிட ஒட்டு அதிகமாகிவிட்ட சைக்கிள் சக்கரம் மாதிரி ஆகிவிட்டது நிரல். ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பெயரும் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுவனம் செய்வது ஒரே ஒரு ரோபோதான். பெயர் தோழன். இடுப்பு உயரம், நாலு சக்கரம், இரண்டு கை, கவிழ்த்து வைத்த வாளி போல ஒரு தலை. மருத்துவமனை வார்டுகளில் தண்ணீர், துண்டு, தலையணை கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. தோழனின் காதுக்கும் கைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மனிதர்கள் சொல்வது என்ன என்று அதற்கு விளங்கவைக்கும் நிரல் தொகுப்பு ஒன்று உண்டு. லைப்ரரி என்பார்கள். வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியது. அதை எடுத்துவிட்டுப் புதிது ஒன்றைப் போடுவதற்குத்தான் இந்தச் சோதனைகள்.

பழைய லைப்ரரிக்குப் பதினோரு கட்டளைகள்தான் தெரியும். அதையும் அதற்குப் பிடித்த வரிசையில் சொல்ல வேண்டும். “தோழா. தண்ணீர். கட்டில் ஏழு.” என்றால் போகும். “ஏழாம் நம்பர்ல இருக்கிறவருக்குக் கொஞ்சம் தண்ணி கொடேன்” என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவும் சும்மா நிற்காது. புரியவில்லை என்றால் நிற்பதற்கென்றே தோழனுக்கு ஒரு நிலை இருந்தது. யாரும் இடித்துக்கொள்ளாதபடி வலது கையை மடக்கி மார்போடு சேர்த்துக்கொள்ளும். தலையைத் தாழ்த்திக்கொள்ளும். நெற்றியில் நீல விளக்கு ஒன்று மெதுவாக விட்டுவிட்டு எரியும். கையேட்டின் அறுபத்திரண்டாம் பக்கத்தில் இதற்குப் பிழை நிலை என்று பெயர் போட்டிருக்கிறது. அறுபத்திரண்டாம் பக்கம் வரை கையேட்டைப் படித்தவர்கள் அந்த நிறுவனத்தில் இரண்டே பேர். ஒருவர் பஞ்சர். இன்னொருவர் சோதனைப் பிரிவு மேடம்.

நிறுவனர் அந்த இரண்டு பேரில் இல்லை. எல்லாக் கஷ்டமும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

பஞ்சர் திரையை வெறித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. பன்னிரண்டு தோழன்களை வாங்கிய மருத்துவமனையில் மூன்றாவது மாடிக்குத் தலைமை நர்ஸ் அவள்.

“டேய், வெள்ளிக்கிழமை கடைசி. ஞாபகம் இருக்கா?”

“இருக்குக்கா.”

“இன்னிக்கு ஒரு துண்டு கேட்டேன். ஆறு தடவை கேட்டேன். ஆறு தடவையும் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிக்குது, மாமியார் வீட்டுக்குப் புதுசா வந்த மாப்பிள்ளை மாதிரி. எங்க நர்ஸ் பொண்ணுங்க அதுக்கு மாப்பிள்ளைன்னே பேர் வச்சிட்டாங்க.”

“புது லைப்ரரி போட்டா எல்லாம் சரியாயிடும்க்கா. சாதாரணமாப் பேசினாலே அதுக்குப் புரியும்.”

“எனக்கு சாதாரணமாப் பேசறதே மறந்துபோச்சுடா. நேத்து உங்க மாமாவைப் பார்த்து ‘எழு. குளி. குப்பை’ன்னுட்டேன்.”

“ஐயையோ. மாமா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. எழுந்தாரு, குளிச்சாரு, குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தாரு. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. அதை விடு. இந்தப் பன்னிரண்டையும் வாங்கச் சொல்லி நிர்வாகி முன்னாடி வாயை விட்டவ நான். ‘என் தம்பி செஞ்சது, நான் பொறுப்பு’ன்னு அத்தனை பேர் நடுவுல எழுந்து நின்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒழுங்கா வேலை செய்யலைன்னா வண்டி வரவச்சு எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் இந்த மாடியில அது நிக்கிற மாதிரி நான்தான் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிக்கணும்.”

“நான் பார்த்துக்கறேன்க்கா.”

“அதுக்குப் புரியுதுன்னு கையெழுத்துப் போட வேண்டியதும் நான்தான். தம்பின்னு பார்த்தெல்லாம் போட மாட்டேன். சொல்லிட்டேன்.”

அக்கா சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் பஞ்சரின் வீட்டுப்பாடத்தில் அப்பாவின் கையெழுத்தைப் போடச் சொன்னபோதுகூட, விடை தப்பாக இருக்கிறது என்று திருத்தவைத்துவிட்டுத்தான் போட்டாள்.

போனை வைத்துவிட்டு, தேறாத அந்தச் சோதனையை மறுபடி பார்த்தார். சோதனை எண் ஒன்று. தலைப்பு: நிறுவனர் வணக்கம். செய்முறை: நிறுவனர் பேசுவார். எதிர்பார்க்கும் முடிவு: தோழன் அவரை வணங்கும். ஒப்புதல்: நிறுவனர். மாற்ற வேண்டுமானால் யார் அனுமதி: நிறுவனர்.

ஒன்பது வருடத்துக்கு முன் தொடக்க விழாவில் நடந்த கதை அது. நிறுவனருக்கு அலுவலகத்தில் முன்னுரை என்று பெயர். அவர் பேசி முன்னுரையைத் தாண்டியதை எவரும் பார்த்ததில்லை. அன்றைக்கு மேடையில் தோழனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார். தோழன் அந்த நாற்பது நிமிடத்துக்குள் பதினோரு கட்டளைகளில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடியது. தேடியது, தேடியது, கடைசியில் கைவிட்டது. கை மார்புக்குப் போனது, தலை தாழ்ந்தது, நீல விளக்கு எரிந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நிறுவனருக்குக் கண் கலங்கிவிட்டது. “அறிவு இன்று பண்பைக் கற்றது” என்றார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பஞ்சர், “சார், அது வந்து...” என்று ஆரம்பித்தார். யாரோ அவர் கையில் ஒரு மாலையைக் கொடுத்து, இதைப் பிடி என்றார்கள்.

மறுவாரம் நிறுவனத்துக்கு லோகோ வரைந்தார்கள். தலை தாழ்ந்த தோழன், மார்பில் கை, நெற்றியில் நீலப் பொட்டு. வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு காகிதத்தின் நெற்றியிலும் ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்று அச்சடித்து அனுப்பும் ஒரே நிறுவனம் அதுவாகத்தான் இருக்கும்.

புதன்கிழமை காலை, புது லைப்ரரி பொருத்திய தோழனை நிறுவனரின் அறைக்கு அழைத்துப் போனார் பஞ்சர். வாசலில் மிதியடியில் லோகோ. சுவரில் லோகோ. மேசையில் ஆவி பறக்கும் கோப்பையில் லோகோ. நாற்காலி முதுகில் பூத்தையல் போட்ட லோகோ. தோழன் வாளித்தலையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்த்தது. திரும்பின பக்கமெல்லாம் அதுவேதான்.

நிறுவனர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சன்னலைப் பார்த்து நின்றார்.

“மொழி என்பது யாது? மனிதன் என்பவன் யார்? இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்று உண்டெனில், அது எங்கே நிற்கிறது? நாம் அனைவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை நாம் கேட்டுக்கொள்கிறோமா என்பதே இன்று நம் முன் நிற்கும் கேள்வி...”

ஆறாவது நிமிடத்தில் தோழன் பேசியது. “ஐயா, கவனமாகக் கேட்டேன். இதில் நான் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. மின்னேற்றத்துக்குப் போகிறேன்.”

திரும்பியது. மிதியடியின் மேல் ஏறி இறங்கிப் போய்விட்டது.

நிறுவனர் சன்னலிலிருந்து திரும்பினார். “அது எங்க போவுது?”

“சார்ஜ் போட்டுக்கப் போவுது சார்.”

“நான் இன்னும் முடிக்கலையே.”

“அதுக்குத் தெரியும் சார்.”

“தெரியுமா?”

“தெரியாது சார்.”

“ஏன் வணங்கல?”

இதுதான் சமயம் என்று பஞ்சருக்குப் பட்டது. ஒன்பது வருடமாகத் தொண்டையில் நின்ற வாக்கியம். “சார், அந்த வணக்கம் இருக்குல்ல... அது உண்மையில என்னன்னா...”

“சொல்லுங்க பொறியாளரே” என்று நிறுவனர் லோகோ போட்ட கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். டை ஊசியிலும் ஒரு குட்டி லோகோ மின்னியது.

“...அது பழைய லைப்ரரியோட ஒரு தனிக் குணம் சார். புதுசோட ஒத்துப்போகல.”

“ஒத்துப்போகலையா? இணக்கப்பாடு இல்லைன்னு சொல்றீங்க.”

“அதேதான் சார்.”

“எழுதிக்கோங்க.” நிறுவனர் விரலை உயர்த்தினார். எழுதும்வரை அடுத்த வாக்கியம் வராது என்பதால் பஞ்சர் நோட்டை எடுத்தார். “எல்லாம் மாற வேண்டும். ஆனால் எதுவும் மாறக் கூடாது. இதுவே இணக்கப்பாடு. எழுதிட்டீங்களா? பண்பு இல்லாத அறிவு இந்த வாசலைத் தாண்டாது. அது என்னை வணங்குற அன்னிக்கு நான் கையெழுத்துப் போடறேன்.”

வாசலைத் தாண்டும்போது பஞ்சர் மிதியடியை மிதிக்காமல் சுற்றிப் போனார். கோபம்தான். ஆனால் பழக்கம்.

சோதனைப் பிரிவு மேடம் பிஸ்கட் பாக்கெட்டோடு காத்திருந்தார். நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவானாலும் ஒரே வேகத்தில் பிஸ்கட் சாப்பிடுகிறவர்.

“போச்சா?”

“போச்சு மேடம். ரோபோவே எழுந்து போயிடுச்சு.”

“நேராச் சொல்லிட வேண்டியதுதானே சார். ‘நீங்க பேசினது அதுக்கு ஒண்ணும் புரியல, அதான் அன்னிக்குத் தலையைக் குனிஞ்சுது’ன்னு.”

“சொல்லலாம். சொல்லிட்டு லோகோவை என்ன பண்றது?”

“மாத்தணும்.”

“கட்டடத்து உச்சியில ரெண்டு ஆள் உயரத்துக்கு நிக்குது மேடம். மிதியடியில இருக்கு. போன மாசம் அவர் பேத்தி பிறந்தநாள் கேக்ல இருந்துச்சு. அந்தக் குழந்தை அதோட தலையைத்தான் முதல்ல வெட்டுச்சு.”

மேடம் ஒரு பிஸ்கட்டை முடித்தார். “அப்போ ஒட்டுப் போடுங்க.”

“நானூத்துப் பன்னிரண்டையும் தூக்கி எறியத்தானே மேடம் புது லைப்ரரி வாங்கினோம்?”

“ஒண்ணே ஒண்ணு சார். அவர் குரலைக் கேட்டா குனியணும். அவ்வளவுதான்.”

“குரலை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி ஒப்பந்தத்துல போட்டிருக்கு.”

காபி இயந்திரம் தானாக ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. குரலை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்றால், பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று பஞ்சருக்குத் தோன்றியது. நிறுவனரின் பேச்சுக்கு இரண்டு அடையாளங்கள். நீளம். உள்ளே ஒன்றும் இல்லாதது. புது லைப்ரரிக்கு இந்த இரண்டும் நன்றாகத் தெரிகிறது. அவர் நோட்டில் எழுதினார்: ‘இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு. செய்ய வேண்டிய வேலை எதுவும் அதில் இல்லை. அப்படியானால் தலை தாழ்த்து, கை மார்பில், நீல விளக்கு. யாராவது வேலை சொல்லும் வரை நிமிராதே.’

மேடம் எட்டிப் பார்த்தார். “சார், இது அவருக்கு மட்டும்னு எங்கேயும் இல்லையே. வேற யாராவது அப்படிப் பேசினாலும் குனியுமே?”

பஞ்சர் சிரித்தார். “ஆஸ்பத்திரி மேடம். உயிர் காக்கிற இடம். அங்க எவன் ரெண்டு நிமிஷம் வேலையில்லாமப் பேசப் போறான்?”

நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லக்கூடிய மனிதரை என்ன செய்வது? மேடம் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நிறுவனர் சன்னலைப் பார்த்து நின்று மறுபடி பேசினார். சரியாக இரண்டு நிமிடத்தில் தோழன் தலை தாழ்த்தியது. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறும் தேறின. “இணக்கம்!” என்று சொல்லி, லோகோ பொறித்த பேனாவால் கையெழுத்துப் போட்டார் நிறுவனர். வெள்ளிக்கிழமை தானும் மருத்துவமனைக்கு வருவதாகச் சொன்னார். வர வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாவது மாடி வார்டில் கூட்டம். நிறுவனர், பஞ்சர், மேடம், நாலு நர்ஸுகள், நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்கா. அவள் கையில் ஒரு அட்டை, அதில் செருகிய படிவம், காதில் பேனா.

“ஆரம்பிக்கலாமா? தோழா. துண்டு. கட்டில்...”

“அக்கா, சாதாரணமாப் பேசு.”

“சாதாரணமாவா?” அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். ரொம்ப நாள் ஓட்டாத வண்டியை எடுக்கிறவள் போல மெதுவாகத் தொடங்கினாள். “இந்தாப்பா... அந்த மூணாம் நம்பர் அம்மா இப்பத்தான் முகம் கழுவிட்டு ஈரத்தோட உட்கார்ந்திருக்காங்க, பாரு.”

தோழன் அலமாரிக்குப் போனது. துண்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பரிடம் நீட்டியது. நர்ஸுகளில் ஒருத்தி, “அடியாத்தி, மாப்பிள்ளைக்குக் காது வந்துடுச்சு!” என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய பரீட்சைத் தாள் ஏழாம் கட்டிலில் படுத்திருந்தது. ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனர். வயிற்றில் தையல் போட்டு மூன்று நாள் ஆகிறது. முப்பது வருடம் எல்லோரையும் உள்ளே போ, உள்ளே போ என்று சொல்லிச் சொல்லி, இப்போது சொல்ல ஆள் கிடைக்காமல் கிடந்தவர். தோழனை அவர் பக்கம் அனுப்பினாள். கேட்க வேண்டுமா?

“வாப்பா வா. நீயாவது கேளு. பக்கத்துக் கட்டில்காரர் விடுற குறட்டை இருக்கே, அது குறட்டை இல்லை, டீசல் இன்ஜின். எங்க பஸ்ல பதினேழாம் நம்பர் வண்டி இப்படித்தான் கத்தும். அதோட டிரைவர் நல்ல மனுஷன், பொண்டாட்டிதான் சரியில்லை. எனக்கு வாய்ச்ச மருமகன் அதுக்கு மேல. நேத்து வந்தான், ஆரஞ்சு வாங்கிட்டு வந்தான், உரிச்சு அவனே தின்னுட்டுப் போயிட்டான். கழுத்தைத் திருப்பி அவனை முறைக்கலாம்னு பார்த்தா, இந்தத் தலகாணி வேற ஒரு பக்கமாவே சரிஞ்சு கிடக்கு. அதுவும் நல்லதுக்குத்தான், முறைச்சிருந்தா எம்பொண்ணு கோவிச்சுக்குவா. அவ சின்னப் புள்ளையா இருந்தப்போ...”

நாலு நிமிடம் ஆனது. தோழனின் வலது கை லேசாக அசைந்தது. மார்புக்குப் போகப்போகிறது என்று பஞ்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, அந்தக் கை நடத்துனரின் தலைக்குக் கீழே போய், சரிந்த தலையணையை நிமிர்த்திக்கொண்டிருந்தது.

“அடடே” என்றார் நடத்துனர். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “ரைட்” என்றார்.

அக்கா காதிலிருந்து பேனாவை எடுத்தாள்.

எடுத்த பேனா படிவத்தைத் தொடுவதற்குள் மருத்துவமனை நிர்வாகி உள்ளே வந்தார். அவர் வார்டுக்கு வருவது வருடத்துக்கு ஒரு முறை, புகைப்படக்காரர் வந்தால் இரண்டு முறை. வந்தவர் தோழனின் தலையில் கை வைத்தார்.

“இந்தத் தருணத்தில் நான் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். தரம் என்பது ஒரு பயணம். பயணம் என்பது ஒரு தரம். நோயாளியை மையத்தில் வைத்து, மையத்தை நோயாளியின் பக்கம் நகர்த்தி, அதன் வழியே நாம் எதை அடைகிறோம் என்றால், அடைய வேண்டியதை அடைகிறோம்...”

இரண்டு நிமிடம். தோழனின் கை மார்புக்குப் போனது. தலை தாழ்ந்தது. நீல விளக்கு எரிந்தது.

நிர்வாகி பேச்சை நிறுத்திவிட்டார். முகம் இளகிவிட்டது. “என்ன ஒரு பண்பு!” என்றார் மெதுவாக. வீட்டில்கூட அவருக்கு இது கிடைப்பதில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அக்காவின் பேனா காதுக்குத் திரும்பிப் போனது. ஒரு நர்ஸ் துண்டு கேட்டதும்தான் தோழன் நிமிர்ந்தது.

பின்னாலேயே தலைமை மருத்துவர் வந்தார். நிர்வாகிக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காமல் போகலாமா? தன் கைகளைப் பற்றி, அந்தக் கைகளைப் பற்றி வெளிநாட்டில் சொன்னதைப் பற்றி, அதைத் தான் எவ்வளவு அடக்கத்தோடு கேட்டுக்கொண்டார் என்பதைப் பற்றி இரண்டரை நிமிடம் சொன்னார். தோழன் அவரையும் வணங்கியது. அதற்குள் ஒன்பதாம் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், “எல்லாம் மனசுதாங்க காரணம், நான் அப்பவே சொன்னேன்” என்று தொடங்கி, அப்போது சொன்னதை எல்லாம் மறுபடி சொன்னார். அந்தக் கட்டிலுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்லி அனுப்பிய தோழன் அவருக்கும் தலை தாழ்த்தியது. நடத்துனர் தையலைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்கம்மா, பிச்சுக்கும், பிச்சுக்கும்” என்று கத்தினார்.

நிறுவனர் பஞ்சரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“பொறியாளரே, என்ன இது? எனக்குன்னு இருந்த வணக்கத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் வைக்குது?”

பஞ்சரின் வாயில் வந்தது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. “சார், உங்களை மாதிரியே பேசறவங்களைப் பார்த்தா அதால சும்மா இருக்க முடியல.”

நிறுவனர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. “ஓகோ. என்னை அளவுகோலா வச்சிருக்கு.” நேராக நிர்வாகியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் இவரும் ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள். துண்டு கொண்டுபோகும் வழியில் அவர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட தோழன் எந்தப் பக்கம் குனிவது என்று தெரியாமல் பொதுவாகக் குனிந்தது.

“தம்பி.” அக்காவின் குரல். “இப்படி வா.”

துணி அலமாரிக்குப் பக்கத்தில் கூட்டிப் போனாள். ‘இப்படி வா’ என்றதைத் தனக்குச் சொன்ன வேலையாக எடுத்துக்கொண்டு நிமிர்ந்த தோழனும் அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. வேலை சொல்கிறவள் யார் என்று அதற்குள் அதற்குத் தெரிந்துவிட்டது. மேடமும் பிஸ்கட்டோடு வந்து நின்றார்.

“என்னைப் பார்த்தா ஏமாந்தவ மாதிரி இருக்கா?” என்றாள் அக்கா. “மேல இருக்கிறவங்க இதுகிட்ட ஒரு துண்டு கேட்டிருக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியாது. அது குனிஞ்சா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்டா. ஒண்ணும் புரியலைன்னு அர்த்தம். நாலு வேலை நல்லாச் செஞ்சுது, நம்பினேன். அப்புறம் பழையபடி குனிய ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு ஒரு நோயாளி மூச்சு முட்டுதுன்னு சொல்லும்போது குனிஞ்சு நின்னா? கையெழுத்து கிடையாது. வண்டிக்குச் சொல்லிடறேன்.”

“அக்கா, அக்கா, இரு. இது வேற குனியறது.”

“குனியறதுல என்னடா வேற?”

உண்மையைச் சொல்ல வேண்டிய வேளை. ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடம் யாரும் கேட்காத மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டால் என்ன ஆகும்? பஞ்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஒரு கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. பார்வை எங்கோ தூரத்துக்குப் போனது.

“அக்கா, இதைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல ஒரு மென்பொருளோட வளர்ச்சின்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். பழசும் புதுசும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதுன்னா என்ன? பழசு புதுசுக்கு இடம் கொடுக்குதா, புதுசு பழசுக்கு இடம் கொடுக்குதா? என்னோட இந்த ஒன்பது வருஷ அனுபவத்துல நான் என்ன பார்த்தேன்னா, ஒரு பொறியாளன்ங்கறவன் வெறும் நிரல் எழுதறவன் கிடையாது. அவன் ஒரு பாலம். நானூத்துப் பதிமூணு ஒட்டு போட்டேன். ஒவ்வொண்ணும் ஒரு மனுஷனோட கதை. அதுல எண்பத்தெட்டாவது ஒட்டு போட்டப்போ நான் நினைச்சுக்கிட்டேன்...”

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்காரியின் பழக்கம். உதடு அசைந்தது: நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது.

தோழனின் கை மார்புக்குப் போனது. தலை தாழ்ந்தது. நீல விளக்கு பஞ்சரின் சட்டைமேல் விட்டுவிட்டு விழுந்தது.

பஞ்சர் எண்பத்தெட்டாவது ஒட்டிலேயே நின்றுவிட்டார்.

அக்கா தோழனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்த நிர்வாகியையும் நிறுவனரையும் பார்த்தாள். நடத்துனரின் நாலு நிமிடப் புலம்பலும் சரிந்த தலையணையும் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு துணி அலமாரியில் சாய்ந்துவிட்டாள். அவள் குலுங்கிய குலுக்கலில் மேல்தட்டுத் துண்டுகள் நாலு கீழே விழுந்தன.

“புரியாமக் குனியலை.”

“இல்லக்கா” என்றார் பஞ்சர். காது சிவந்திருந்தது.

“நல்லாப் புரிஞ்சுக்கிட்டுத்தான் குனியுது.”

“ஆமாக்கா.”

“அந்தப் பெரிய மனுஷங்களுக்கு இது தெரியுமா?”

“எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது” என்றார் மேடம். “இப்போ உங்களுக்கும்.”

“எங்க பொண்ணுங்ககிட்ட மட்டும் சொல்லிக்கறேன். ரவுண்ட்ஸ் வரும்போது அதுங்களுக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு?” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையை அலமாரியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ‘சொல்வது புரிகிறதா?’ என்ற கேள்விக்கு எதிரில் ‘ஆம்’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து ‘நன்றாகவே’ என்று சேர்த்தாள்.

தோழன் இன்னும் பஞ்சர் முன்னால் குனிந்தபடியே நின்றது. யாராவது வேலை சொல்லும் வரை நிமிராது. அவரே எழுதிய விதி. அதன் முன்னால் அவரும் ஏறக்குறைய அதே கோணத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“போதும், நிமிரு” என்றாள் அக்கா. “கீழ விழுந்த துண்டையெல்லாம் எடுத்து மடிச்சு வை.”

தோழன் தலையை நிமிர்த்திக்கொண்டு துண்டுகளிடம் போனது.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். “உனக்கும் சேர்த்துத்தான்டா சொன்னேன்.”

பஞ்சர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார்.